மேல் படுக்கை

என் வீட்டுக்காரர் ஆறுக்குட்டிக்கு இரண்டு வயது. பெற்றவள் சொன்னது அறுபத்திரண்டு; தேயிலை எஸ்டேட் ரெஜிஸ்டரில் ஐம்பத்தேழு. வேலைக்குச் சேரும்போது ஐந்தைக் குறைத்துவிட்டால் கூட ஐந்து வருடம் உழைக்கலாமே. எங்கள் லைன் வீடுகளில் பாதிப்பேர் அப்படித்தான். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போய்விடும்.

போன மாசியில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படி ஏறவே கூடாது, சென்னைக்குப் போய் இதயத்தைக் காட்டுங்கள் என்றார் கோத்தகிரி டாக்டர். அடையாள அட்டையிலும் ஐம்பத்தேழுதான் என்பதால் ரயில் டிக்கெட்டும் அந்த வயதுக்கே எடுத்தோம். அறுபது தாண்டியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை பார்த்துக் கொடுப்பார்களாம். எங்கள் இரண்டு பேருக்கும் மேல் படுக்கை விழுந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஏறினால், எங்களுக்குக் கீழ்ப் படுக்கையில் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் வேலாமணி உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு முகமே செத்துப்போனது.

"ஏனுங்கண்ணா, அறுபது தாண்டிருச்சுன்னா சொல்லுங்க. நான் மேல போயிக்கறேன்" என்று சிரித்தார் வேலாமணி.

"அம்பத்தேழுதானுங்க. இளந்தாரியாட்டம் ஏறிருவனுங்க."

இவருக்கு நெஞ்சில் சீக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் என்னை முறைத்துப் பார்த்தார். சீக்காளி என்று தெரிந்தாலும் வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்ற பயம். எனக்கு ஆத்திரமாக வந்தது. எக்கேடோ கெட்டுப் போங்க என்று மனதுக்குள் திட்டிவிட்டு நானும் எதிர் படுக்கையில் ஏறிப் படுத்தேன். இரும்பு ஏணியில் அவர் இரண்டு தடவை நின்று நின்றுதான் ஏறினார்.

அரக்கோணம் தாண்டி எழுப்பினேன். அவர் கை சில்லிட்டிருந்தது.

சென்னையில் ரயில்வே போலீஸ்காரர் நோட்டை விரித்து வயதைக் கேட்டார். என் பக்கத்தில் வேலாமணி நின்றார். அழுகைக்கு நடுவிலும் என் பாழும் வாய் ஐம்பத்தேழு என்றுதான் சொன்னது.

போலீஸ்காரர் போனபிறகு வேலாமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியுமுங்கக்கா. அந்த வயச ரெஜிஸ்டர்ல எழுதினதே எங்கப்பாதானுங்க. நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. ராத்திரி அண்ணனச் சும்மா சீண்டிப் பாத்தனுங்க. சீக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பனுங்களே."

அந்த ஒரு வார்த்தை ராத்திரி முழுக்க என் வாயில்தான் இருந்தது.