கதவில் எழுதிய பூட்டு

சாலையோரப் புளியமரங்களை வெட்டிய வாரத்தில் தேனீக்கள் என் வீட்டுக்கு வந்தன. கும்மிடிப்பூண்டியில் புதிய தொழிற்சாலைக்கு நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை. கோடாரிகளையும் கயிற்றையும் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அவை குடியேறியது என் மனைவி செண்பகத்தின் டீப்பெட்டியில்; தேயிலை வந்த பழைய பலகைப் பெட்டி அது. கல்யாணத்தின்போது வேப்பம்பட்டிலிருந்து அதில்தான் தன் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். பாதிப் பெட்டி புத்தகம், மீதி காலி. மூலையில் பலகை உடைந்திருந்தது. அவள் இறந்து பதினோரு மாதம். அதுவரை நான் அதைத் தொடவில்லை.

அவள் தங்கை சந்திரகலா கார்டு போட்டிருந்தாள். அக்கா திரும்பத் திரும்பப் படித்த நாவல் தனக்கு வேண்டுமாம். தருகிறேன் என்று பதில் எழுதிவிட்டு மூடியில் கை வைத்தேன். உள்ளே இரைச்சல். உடைந்த மூலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடியிலிருந்து தேனடைகள் தொங்கின. அடியில் அந்த நாவலின் நீல பைண்டிங் தெரிந்தது. ஓர் அடை அதன்மேல் வந்து ஒட்டியிருந்தது. மூடியைத் தூக்கினால் எல்லாம் பிய்ந்துவிடும்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"ஊட்ல ஒரு ராணிய குடி வெச்சிகினு கீறேன்னு தெருவே பேசுது நைனா. ஒரு நாஷ்டாவாவது ஆக்கிப் போடுவாளா அவ?"

"புத்தகம் எடுக்கணும்" என்றேன்.

"மலேரியாக்காரன் வியாழக்கெழம வரான். மருந்து அடிச்சா எல்லாம் செத்துப் பூடும். அப்பால எட்துக்க."

இதற்கும் மருந்து என்றுதான் பெயர். ஆஸ்பத்திரியில் செண்பகத்துக்குக் கொடுத்ததும் மருந்து.

யோசனை சரியாகவே பட்டது. நான் எதுவும் செய்ய வேண்டாம். கதவைத் திறந்துவைத்தால் போதும்.

புதன்கிழமை காலை சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டியிலிருந்து ஒரு தேனீ செத்த தேனீ ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கட்டையில் இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை அதைத் தூக்கிக்கொண்டு வெளியே பறந்தது. அன்று வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

மறுநாள் மலேரியாக்காரர் குப்புராஜ் பம்போடு வாசலில் நின்றார்.

"சாமானெல்லாம் நடுவுல இஸ்து போடு சார்."

"என் வீட்டுக்கு வேணாம்."

"வேணாம்னா கதவுல 'மறுப்பு'ன்னு எழுதணும். அப்பால இன்ஸ்பெக்டர் வருவாரு. பேஜாரு சார்."

"பூட்டியிருந்தா?"

"'பூட்டு'ன்னு எழுதிட்டுப் போய்க்கினே இருப்பேன். அடுத்த ரவுண்டு ஆடிலதான்."

"அதையே எழுதிடுங்க."

"ஆளு முழுசா எதிர்ல நின்னுகினு கீற. பொய் எழுதச் சொல்றியே சார்!"

உள்ளே போய்ப் பூட்டை எடுத்து வந்தேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கன்னியம்மாவின் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தேன்.

குப்புராஜ் என்னைப் பார்த்தார். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு கதவில் தேதி போட்டு, கீழே 'பூட்டு' என்று எழுதினார்.

"இப்ப நெசம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"சொந்த ஊட்டுக்கே பூட்டு போட்டுகினு தெருவுல குந்திகினு கீறியே" என்றாள் கன்னியம்மா. "ராணி உள்ள, நீ வெளிய. ஜோருதான் போ." டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

பம்புச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அங்கேயே இருந்தேன். தேனீக்கள் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே போய் வந்துகொண்டிருந்தன.

பிறகு கதவைத் திறந்து சந்திரகலாவுக்குக் கார்டு எழுதினேன். 'நாவல் பத்திரமாக இருக்கிறது. தருகிறேன் என்று எழுதியது தவறு. இப்போது எடுக்க முடியாது. வந்தால் மூலை வழியாகக் காட்டுகிறேன். டார்ச் என்னிடம் இருக்கிறது.'