மூன்றாவது ஓட்டை

பிரிட்ஜைத் தொட்டால் சுரீரென்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் கணவர் வந்து கதவைத் தடவிப் பார்ப்பார். "எனக்கு ஒண்ணும் அடிக்கலையே, எல்லாம் உன் பிரமை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பைக் கழற்றாத மகராசன். அவளோ ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவள்.

கடைசியில், கணவர் தன் கையாலேயே மாட்டியிருந்த பிளக் பாயிண்டை எலக்ட்ரீஷியன் வந்து கழற்றினார்.

"மூணாவது ஓட்டைக்குப் பின்னால வயரே இல்ல சார். பழைய வீடு, எர்த்தே இழுக்கல. கசியிற கரண்ட் தொடுறவங்க வழியாத்தான் தரைக்குப் போகும்."

"பார்க்க லட்சணமாத்தானே இருந்துச்சு" என்று முனகினார் கணவர்.

"இப்ப செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்க பார்ப்போம்" என்றாள் அவள்.

அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை அவர் நம்பியது அப்போதுதான்.