எறியிற கை

ஏழு பேர் ஏறுற வானில எங்களை நடுச் சீற்றில இருத்திப்போட்டு, என்ர மனுசன் சுஜீதனைப் பற்றித்தான் எல்லாரும் கதைச்சுக்கொண்டு வந்தவை. ஆள் அங்கதான் இருக்கிறார் எண்ட நினைப்பு ஒருத்தருக்கும் இல்லை.

"சீசன் தொடங்கி மூண்டு மச். மூண்டிலயும் பந்து அங்காலயும் இங்காலயும்தான் போகுது. போன வருசம் இவன் எறிஞ்ச எறி என்ன, இப்ப எறியிறது என்ன?" எண்டார் இரத்தினசிங்கம் அங்கிள். வான் அவற்ர. பேஸ்போல் பைத்தியமும் அவற்ரதான். பிளாக்டவுனில எங்கட அடுத்த தெரு. எண்பதுகளில ஊரைவிட்டு இங்க வந்து ஏதோ பக்டறியில வேலை செய்யேக்க ஆரோ ஒரு வெள்ளைக்காரன் மச் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அதோட மனுசன் கிரிக்கெட்டைக் கைவிட்டிட்டார். சுஜீதன் பள்ளிக்கூடத்தில பந்தெறியத் தொடங்கின காலம் தொட்டு, மழையெண்டாலும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து குந்தியிடுவார்.

"வேகம் குறைஞ்சிட்டுது அங்கிள்," எண்டு பின் சீற்றிலயிருந்து லக்சன் போனைத் தட்டினான். அவன் கிளப்புக்குப் புள்ளிக் கணக்கெடுக்கிறவன். "Definitely slower. அதோட நாலு பந்தை வெளிய எறிஞ்சு சும்மா வோக் குடுக்கிறதும் கூட."

"கலியாணம் கட்டினால் வேகம் குறையும்தானே," எண்டு பக்கத்தில இருந்த சிறி அண்ணை கெக்கட்டமிட்டுச் சிரிச்சார்.

எனக்கு நெருப்பெடுத்தது. "ஓமண்ணை, நான்தான் இரவிரவாய் இவற்ர கையில தொங்கிக்கொண்டு கிடக்கிறன்," எண்டன். எல்லாரும் சிரிச்சவை. சுஜீதன் மட்டும் யன்னலுக்கால பார்த்துக்கொண்டிருந்தார்.

அவற்ர வலது முழங்கையில மூட்டு நார் பாதி கிழிஞ்சு கிடக்குது. இது எனக்கும் அவருக்கும் ஸ்கான் பார்த்த டொக்ரருக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். இனி ஒருக்கா முழுப் பலத்தோட எறிஞ்சால் மிச்சமும் அறுந்திடும், பேந்து பந்தை மறக்க வேண்டியதுதான் எண்டு அந்த டொக்ரர் மனுசி முகத்துக்கு நேர சொன்னவ. ஆனால் வாற சனிக்கிழமை மாநில ரீமுக்கு ஆள் பார்க்க வருகினம். அதுவரைக்கும் ஆருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு, தன்ர தலையில என்ர கையை இழுத்து வைச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டார். அண்டைக்குத் தொட்டு அவற்ர சேட்டுக்குத் தெறி பூட்டுறது நான். வானுக்குள்ள சீற் பெல்ற்றைக் கொழுவிவிட்டதும் நான், கொஞ்சிறமாதிரி நடிச்சுக்கொண்டு. விசர் வேலை. சத்தியம் செய்த கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

"நான் சொல்லுறன், இது கண்ணூறு," எண்டார் அங்கிள். "போன வருசக் கடைசி மச்சில எத்தினை சனம் இவனைப் பார்த்து வாயைப் பிளந்தது? கண் பட்டிட்டுது. அதுக்குத்தான் இந்தத் தேங்காய்."

முன் சீற்றில ஒரு சாக்குத் தேங்காய் இருந்தது. அதுக்கு அங்கிள் பெல்ற்றும் போட்டுவிட்டிருந்தார். முதல் மச்சில சுஜீதன் சொதப்பின உடனயே ஹெலன்ஸ்பர்க் கோயிலில தேங்காய் அடிக்கிறனெண்டு நேர்த்தி வைச்சவராம். அவர் வைச்ச நேர்த்தி, அடிக்க வேண்டியது என்ர மனுசன்! நல்ல நியாயம்.

தேங்காயை இடக்கையால போட்டுச் சமாளிப்பம் எண்டுதான் வீட்டில கதைச்சு வைச்சிருந்தம்.

"ஒண்டு சொல்லோணும்," எண்டு அங்கிள் வானை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில எங்களைப் பார்த்தார். "எறியிற கையாலதான் அடிக்கோணும். கண் பட்டது அந்தக் கையிலதானே. மச்சில எறியிறமாதிரி இழுத்து அடிக்கோணும். அப்பத்தான் கழியும்."

சுஜீதன்ர தொடையில நுள்ளினன். அவர் என்னைப் பாராமலே தலையை ஆட்டினார், வேண்டாம் எண்டு.

"அங்கிள், இவருக்குக் கொஞ்சம் களைப்பு..." எண்டு தொடங்கினன்.

"என்ன களைப்பு, பச்சைப் பெடியன்!" எண்டார் சிறி அண்ணை. உடன அதிலயும் ஒரு விவாதம். களைப்போ, கண்ணூறோ, காலை வைக்கிற பிழையோ எண்டு மூண்டு பேரும் அடிபட்டுக்கொண்டு வந்தவை. கதவைத் திறந்து குதிப்பமெண்டால் வான் பிரின்ஸஸ் ஹைவேயில பறக்குது. நோகுதோ தம்பி எண்டு ஒரு வார்த்தை கேட்க அந்த வானுக்குள்ள ஆள் இல்லை.

கோயிலில அருச்சனை முடிஞ்சு, வெளியில தேங்காய் அடிக்கிற கல்லடிக்கு வந்தம். சுத்திவரக் காடு, சில்வண்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அங்கிள் சாக்கை அவிட்டு, இருந்ததுக்குள்ள பெரிய தேங்காயாய்ப் பார்த்தெடுத்து, சுஜீதன்ர வலக்கையில வைச்சார். லக்சன் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினான்.

"தேங்காய்தானே, ஒண்டும் செய்யாது," எண்டு சுஜீதன் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"இழுத்து அடி ராசா!" எண்டார் அங்கிள்.

கை பின்னால போச்சு. தோள் உயரத்துக்கு வரமுதலே அவற்ர முகம் கோணினது. அதுக்குமேல என்னால ஏலாமல் போச்சு. பாய்ஞ்சு தேங்காயைப் பறிச்சு, நானே கல்லில ஓங்கி அடிச்சன். அது உடையாமல் துள்ளி உருண்டு சிறி அண்ணையின்ர காலடியில போய் நிண்டது.

"என்ன பிள்ளை இது, பொம்பிளையள் தேங்காய் அடிக்கிறதே?" எண்டு அங்கிள் பதறினார்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுறியள்? இவற்ர கையில நார் கிழிஞ்சு கிடக்கு! சேட்டுத் தெறி பூட்ட ஏலாத மனுசனைப் பிடிச்சுத் தேங்காய் அடி, பந்தெறி, வேகம் காணாது... உங்களுக்குக் கண்ணில்லையே? இன்னும் ஒருக்கா எறிஞ்சாரெண்டால் அதோட சரி!"

கத்தின கத்தில வாசல்ல நிண்ட சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. சுஜீதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டார். அங்கிளின்ர வாய் திறந்தபடி.

"அப்ப இந்த சீசன்...?" எண்டு லக்சன் மெல்லக் கேட்டான்.

"இல்லை," எண்டன்.

சிறி அண்ணைதான் பிறகு மிச்சத் தேங்காயெல்லாத்தையும் ஒவ்வொண்டாய் அடிச்சார். அடிச்சு முடியிறமட்டும் சுஜீதன் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. வானடிக்குப் போகேக்கதான், "சத்தியத்தை முறிச்சுப்போட்டாய்," எண்டார்.

"உங்கட தலை தோளுக்கு மேலதான் இருக்கு. கையும் இருக்கு," எண்டன்.

"இனி என்னைப் பற்றி என்னத்தைக் கதைக்கப் போகினம்?"

எனக்குச் சுருக்கெண்டது. அந்த மனுசனுக்குக் கை நோவு பெரிய விசயமாய் இருக்கேல்லை. இவ்வளவு நாளும், கதையில தன்ர பேர் இல்லாமல் போறதுக்குத்தான் பயந்திருக்கிறார்.

திரும்பி வரேக்க முன் சீற்றைச் சுஜீதனுக்குக் குடுத்தவை. அங்கிள் எட்டி அவருக்குப் பெல்ற்றைக் கொழுவிவிட்டார். ஹைவே ஏறினதோட பழையபடி மச் கதை தொடங்கிச்சுது.

"அப்ப சனிக்கிழமை நிதுஷன்தான் எறியோணும்," எண்டான் லக்சன். நிதுஷன் கிளப்பில பந்தெறியிற மற்றப் பெடியன்.

"அவனோ? போன மச்சில அவனும் தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்," எண்டார் சிறி அண்ணை.

"அது சும்மா பஞ்சி, சோம்பல். ஓடவிட்டால் சரிவரும்," எண்டார் அங்கிள். பிறகு, காலமையிலயிருந்து முதல்தரமாய், சுஜீதனிட்டயே கேட்டார். "நீ சொல்லு தம்பி. நிதுஷன் தாங்குவானோ?"

சுஜீதன் வலக்கையை மடியில வைச்சு, இடக்கையால தடவிக்கொண்டிருந்தார்.

"நோகுதோ எண்டு அவனை ஆரும் கேட்டனீங்களோ?"

லக்சன் போனைக் கவிழ்த்து மடியில வைச்சான். கொஞ்சத் தூரம் போய் அங்கிள் வானை ஓரங்கட்டினார். நிதுஷன்ர நம்பரைக் கேட்டு வாங்கி, தானே போன் அடிச்சார்.