புல்வெளியில் நடக்காதீர்

'விளையாடக் கூடாது, மரம் ஏறக் கூடாது, புல்வெளியில் நடக்காதீர்' என்று எழுதிய பலகையின் மேலேயே 'இயற்கையோடு ஒரு நாள்' பேனரை இழுத்துக் கட்டச் சொன்னார் ராசையா. ரமாபாய் பிளாஸ்டிக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். நாலு வருஷமாக அந்தப் பலகையைக் காட்டித்தான் அவள் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு ஒரு துணி வந்து அதை மூடிவிட்டது.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டியது அந்தப் பூங்கா. வாக்கிங் போகிறவர்களின் சங்கம் அதைப் பராமரிக்கிறது. மளிகை மொத்த வியாபாரி ராசையா அதன் செயலாளர். காவலுக்கும் ரமாபாய்தான், பெருக்குவதற்கும் அவள்தான். கழுத்தில் சங்கம் கொடுத்த விசில். எதிர்க் குடியிருப்புப் பிள்ளைகள் உள்ளே வந்தால் ஊத வேண்டும். ஊதினால் ஓடுவார்கள். எங்கே ஓடுவார்கள்? நிற்கிற லாரிகளுக்கு அடியில். அந்தச் சாலையில் நிழல் அங்கேதான் உண்டு. முதல் ஆளாக ஓடுவது அவள் மகள் கார்குழலி. பெற்ற பிள்ளையை விசிலடித்து லாரிச் சக்கரத்துக்குள் அனுப்புகிற வேலை. அதற்கு மாதச் சம்பளம் வேறு.

ராசையா கெட்டவர் இல்லை. போன வருஷம் பூவரசு மரத்திலிருந்து ஒரு பையன் விழுந்து கை முறிந்தபோது, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அதற்குப் பிறகுதான் மரம் ஏறக் கூடாது என்பது பலகையில் சேர்ந்தது. லாரிக்கு அடியில் எது நடந்தாலும் அது சங்கத்தின் பொறுப்பு இல்லை.

பத்து மணிக்கு ஏசி பஸ் வந்தது. நகரத்தின் மறுகோடியிலிருந்து நாற்பது பிள்ளைகள், தலையில் ஒரே நிறத் தொப்பி. செருப்பையும் ஷூவையும் கழற்றிப் புல்லில் நடக்கச் சொன்னார் ஹெப்சிபா டீச்சர்.

"மண்ணத் தொட்டுப் பாருங்க. மண்ணுல விளையாடினாதான் மூளை நல்லா வளரும்."

வளருமாம். கார்குழலி மண்ணில் விளையாடிவிட்டு வந்தால் மட்டும் அது கலீஜ். அந்தப் பிள்ளைகள் மேல் ரமாபாய்க்குக் கோபம் இல்லை. ஒரு குண்டுப் பையன் கட்டெறும்பு வரிசையைப் பார்த்து உட்கார்ந்தவன், கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவே இல்லை. பாவம், எங்கே பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான்.

கம்பி வேலிக்கு வெளியே கார்குழலியும் இன்னும் நாலு பேரும் முகத்தைப் பதித்து நின்றார்கள்.

"ரமா, அந்தப் பிள்ளையள அங்கிட்டுப் போகச் சொல்லு. வந்தவிய என்ன நெனப்பாவ?" என்றார் ராசையா.

அவள் ஊதினாள். அவர்கள் ஓடினார்கள்.

டீச்சர் ஒரு அச்சடித்த தாளை எடுத்தார். பூவரசம் இலையில் பீப்பீ செய்வது எப்படி என்று அதில் படம் போட்டிருந்தது. டீச்சர் சுருட்டி ஊதியபோது எச்சில்தான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?" என்று ரமாபாயைக் கேட்டார் டீச்சர்.

தெரியாமல் என்ன? ஒரு கொழுந்து இலையாகப் பறித்து, இறுக்கிச் சுருட்டி, நுனியை விரலால் நசுக்கி ரமாபாய் ஊதினாள். கணீரென்று வந்தது. நாற்பது பேரும் கை தட்டினார்கள். தட்டல் ஓய்வதற்குள் வெளியிலிருந்து பதில் வந்தது. முதலில் ஒரு பீப்பீ, பிறகு நாலு. லாரிக்கு அடியிலிருந்துதான். முதலில் வந்தது கார்குழலியுடையது. நீட்டி ஊதி, கடைசியில் ஒரு வெட்டு வெட்டுவாள்.

அதே நேரம் 'புஸ்' என்று பிரேக்கில் காற்று இறங்கியது. இஞ்சின் உறுமியது. முன்னால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

"யோவ், வண்டிய எடுக்காத! அடியில பசங்க கீறாங்க!"

எப்படி கேட்டைத் திறந்தாள், எப்படி லாரிக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. டிரைவர் தலையை நீட்டினான். இஞ்சின் நின்றது. சக்கரங்களுக்கு நடுவிலிருந்து ஒவ்வொருவராக ஊர்ந்து வந்தார்கள். எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்து. கார்குழலியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

திரும்பி வந்து கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

"ரமா, கேட்ட அடை. இவிய போவட்டும், பெறவு பேசிக்கிடலாம்."

"பெறவு இன்னா அண்ணாச்சி பேசப் போற?" நாலு வருஷத்தில் முதன்முறையாக அவரிடம் ஒருமையில் பேசினாள். "அந்தப் பசங்களுக்கு மண்ணு வோணும். எங்க பசங்களுக்கு டயரா? இப்ப அந்த வண்டி ஏறிருந்தா எந்தப் பேனர கட்டி மூடுவ? சொல்லு!"

ராசையா பேனரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் கையிலிருந்த தாளை மடித்தார். எறும்பு பார்த்துக்கொண்டிருந்த பையன் மட்டும், கேட்டுக்குள் நுழைந்த நாலு பிள்ளைகளும் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டான். நாலு பேரும் பூவரசைப் பார்த்து ஓடினார்கள்.

கார்குழலி ஓடவில்லை. முட்டியெல்லாம் கரி மசகு. ஒரு கால் புல்லில், ஒரு கால் தார் ரோட்டில், அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரமாபாய் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். விசிலைப் பிடித்துக் கழற்ற இழுத்தாள். கயிறு கொண்டையில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது.