எண்ணூற்றைம்பதுக்கு மேலே

திருப்புலிவனத்து வயல்களுக்கு அடியில் ஓர் எரிவாயுக் குழாய் போகிறது. அது துருப்பிடிக்காமலிருக்க, மண் வழியாக அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மாதாமாதம் அதை அளந்து பார்ப்பது கல்பனாவின் வேலை. மீட்டரில் எண்ணூற்றைம்பது மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் கவலையில்லை. அன்று எழுநூற்றுப் பத்துதான் காட்டியது.

காரணம் அவளுக்குத் தெரியும். மண்ணுக்குள் மின்சாரத்தை விடும் கம்பிகள் சிட்டம்மாளின் நிலத்தோரம் புதைந்திருந்தன. நான்கு மாதமாக மழையில்லை. காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாகப் பாயாது. தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருந்தாள். பதினோரு மணிக்கு டிரைவர் டேனியல் போன் செய்தான்.

"ஆக்ஸில் ஒடஞ்சிபோச்சி மேடம். இன்னிக்கி வண்டி வராது."

கல்பனா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கத்திரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த சிட்டம்மாள் மண்வெட்டியோடு வந்தாள். குழாய் பதித்த வருஷத்திலிருந்து அந்த ஆட்களோடு அவள் பேசியதே இல்லை.

"இன்னாம்மா, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு குந்திக்கினு கீற?"

கல்பனா விஷயத்தைச் சொன்னாள். "தண்ணி ஊத்துனா சரியாப் பூடும்க்கா. ஒங்களக் கேக்கத்தான் கூச்சமா கீது. அன்னிக்கி கொழா பொதைக்கச்சொல்ல ஒங்க பயிரையெல்லாம் மிதிச்சிட்டாங்களே."

"மிதிச்சது நீயா? கொழா துரு புட்ச்சி ஓட்ட வுழுந்தா என் நெலத்துலதான கேஸ் வரும்? வந்ததுமே சொல்றதுக்கின்னா?"

சிட்டம்மாள் தன் பம்புசெட்டிலிருந்து ரப்பர் ஓஸை இழுத்து வந்தாள். கம்பிகளுக்குத் தண்ணீர் ஊற்றவென்றே நட்டிருந்த பைப்பில் அதைச் சொருகினாள். ஒரு மணி நேரத்தில் எழுநூற்றுத் தொண்ணூறு. சிட்டம்மாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எட்நூத்தி இருவது!" என்று பக்கத்து வயலில் களையெடுத்த பெண்களுக்குக் கூவினாள். அவர்களும் வந்து மீட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

எண்ணூற்று முப்பத்தைந்தில் பம்புசெட்டுக்கு வரும் கரண்டு போனது. மோட்டார் நின்றது.

"அட, குடத்த எடுங்கடி!" என்றாள் சிட்டம்மாள்.

பம்புசெட்டுத் தொட்டியிலிருந்து ஆறு பெண்கள் வரிசையாகக் குடம் கைமாற்றினார்கள். கல்பனாவும் மீட்டரை வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டாள். நாற்பது குடம் ஊற்றிய பிறகு அவள் மறுபடி அளந்தாள்.

"எண்ணூத்தி அறுபத்தி ரெண்டு!"

வயலே ஆர்ப்பரித்தது. அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து என்ஜினீயர் போனில் கேட்டார். "லாரி வரலையாமே, என்ன செஞ்சீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் சிட்டம்மாள் கடைசிக் குடத்தை அவள் தலையிலேயே கவிழ்த்தாள். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி, கல்பனா சிரித்தாள்.