சிவராஜ் எழுதிய பதினோரு பேர்

பட்டியல் சனிக்கிழமை காலையில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. பதினோரு பேரில் என் தம்பி இளவரசன் இல்லை. மூன்று முறை படித்தேன். அவன் இடத்தில் குருவின் பெயர் இருந்தது. குரு பந்து வீசினால், அது வந்து சேர்வதற்குள் பேட்ஸ்மேன் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

மறுநாள் பக்கத்து ஊர் தாமல் டீமோடு ஃபைனல். செமி ஃபைனலில் ஐந்து விக்கெட் எடுத்தவன் என் தம்பி. அவனைக் கேப்டன் சிவராஜ் தூக்குகிறான் என்றால் ஏதோ இருக்கிறது. நான் கொஞ்சம் சந்தேகப் பிராணிதான். பட்டு நூலைக்கூட நானே எடை போட்டுப் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டேன்.

நேராகக் கந்தன் டீக்கடைக்குப் போனேன். வெளியே தூறல். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோருமே செலக்‌ஷன் கமிட்டி.

“ஈரத்துல ஃபாஸ்ட் பவுலருக்கு இன்னாபா வேலை? ஓடி வரும்போதே வழுக்கி உழுவான்,” என்றார் கந்தன்.

“டென்னிஸ் பந்து ஈரத்துல சும்மா சறுக்கிக்கினு வரும் கந்தா. ஸ்பீடா போட்டா ஸ்டம்ப் எகிறும். குரு போட்டா சேத்துல நின்னுடும். தாமல்காரன் நிதானமா தூக்கி ஏரிக்குள்ள அடிப்பான்,” என்றேன்.

“மழைல மேட்ச் வெக்கிறதே தப்பு. தள்ளி வெக்க வேண்டிதுதானே?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன். நம்ம கேப்டன் ஏன் வாயே தொறக்கல?”

மூலையில் வடை தின்றுகொண்டிருந்த ஆட்டோ முருகேசன் அப்போதுதான் பேசினார். “நேத்து தாமல் சவாரி போனேன். ஏரிக்கரைல சிவராஜ் நின்னுக்கினு இருந்தான். கூட அவங்க கேப்டன் விமல்ராஜ். ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாங்கபா.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்பு எதிரி கேப்டனோடு பேச என்ன இருக்கிறது? பேசிவிட்டு வந்தவன் எதற்காக அவர்கள் பயப்படும் பவுலரை வெட்ட வேண்டும்?

வீட்டுக்குப் போனால் இளவரசன் தறியில் தயாராக உட்கார்ந்திருந்தான். எங்களுடையது கோர்வைச் சேலை. குறுக்கு இழையை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு வேறொன்று. நான் தறியில் உட்கார்ந்தால், கரை நாடாவை எறிய அவன் பக்கத்தில் வேண்டும். ஒருவன் இல்லையென்றால் தறி நின்றுவிடும்.

“உன்னை ஏன்டா எடுக்கல?”

“கேப்டன் முடிவுண்ணா,” என்றான், நிமிராமல். பாவம், மனசு உடைந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மைதானத்துக்கு வரவில்லை. நான் போனேன். மழை விட்டிருந்தது, தரை சொதசொதவென்று கிடந்தது. நான் சொன்னபடியே நடந்தது. குருவின் ஒரே ஓவரில் இருபத்திரண்டு ரன். ஒன்பது ரன்னில் தோற்றோம்.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. “வித்துட்டான்பா! நம்ம டீமை தாமலுக்கு வித்துட்டான் இந்த சிவராஜ்!” என்று இரண்டு ஊரும் கேட்கக் கத்தினேன். நாலைந்து பேர் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். சிவராஜ் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். பிறகு, “வீட்டுக்குப் போண்ணா,” என்றான். அவன் மறுக்காததே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

நடந்ததை இளவரசனிடம் பெருமையாகத்தான் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் மாறிப்போனது.

“அவரையாண்ணா அப்டி சொன்ன? என்னை எடுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

“ஏன்டா?”

அவன் வலது உள்ளங்கையைக் காட்டினான். நடுவில் பழைய தழும்பு. “போன வருசம் இதே மைதானத்துல மழை ஈரத்துல வழுக்கி உழுந்து கிழிச்சிக்கினு வந்தனே. தோல் சொரசொரன்னு இருந்திச்சு, பட்டு இழை மாட்டிக்கினே இருந்திச்சு. பன்னெண்டு நாள் தறி நின்னுது. அன்னிக்கி நீ இன்னா சொன்ன?”

மறக்கவில்லை. இன்னொரு தடவை கையைக் கிழித்துக்கொண்டு வந்தால் தறிப் பக்கமே வராதே, வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தேன்.

“உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சிவராஜண்ணன் கிட்ட சத்தியம் வாங்கினேன். அவருக்கு மனசு கேக்கல. தரை காஞ்சப்புறம் வெச்சிக்கினா நான் ஆடலாமேன்னு தாமல் வரிக்கும் போயி விமல்ராஜ் கிட்ட கெஞ்சினு வந்தாரு. அவங்க ஒத்துக்கல.”

“நீ ஆடணும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சவன்டா நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“ஆடுன்னும் நீதான் சொன்ன, கை கிழிஞ்சா வராதேன்னும் நீதான் சொன்ன. எதைண்ணா கேக்கிறது?”

வெட்கமாக இருந்தது. முருகேசன் சொன்னதைத் துருவித் துருவி யோசித்தவன், என் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிகிறவன் எதற்குப் பயப்படுகிறான் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தறியில் உட்காருவதற்கு முன்பு சிவராஜ் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, “சிவராஜ்,” என்று கூப்பிட்டேன். அவன் மனைவி இந்திராணி வெளியே வந்தாள்.

“நேத்து ரெண்டு ஊருக்கும் கேக்கிற மாதிரி அவரு பேரைச் சொன்னீங்க. இன்னிக்கி இன்னா, கொரலே வரல?”

உள்ளே சிவராஜின் தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.