வெல்லம் போன வழி

கும்மிடிப்பூண்டியில் மணல் அச்சில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில், மணல் தூசுக்குள் பதினோரு வருஷம் வேலை செய்தேன். ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லம் தருவார்கள். நெஞ்சில் படிந்த தூசை அது கழுவிவிடும் என்று எல்லோரும் நம்பினோம்.

மூச்சு வாங்குகிறதே என்று போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட வேலை செய்யும் லோகுவும் வந்தான். நுரையீரல் இறுகிவிட்டது, இனி அந்த வேலையே கூடாது என்றார் டாக்டர்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் லோகு கேட்டான்: "இன்னா நைனா, ஒரு சொட்டு குடிக்க மாட்ட. உனுக்குப் போயி ஈரல் கெட்டுப்போச்சா?"

வாசலில் நின்ற நர்ஸம்மா சிரித்துவிட்டார். "குடிச்சா கெடுறது கல்லீரல்ணா. கல்லாட்டம் கனமா இருக்கும். இது நுரையாட்டம், உள்ள காத்து. அதான் அந்தப் பேரு" என்று சுவரிலிருந்த உடம்புப் படத்தைக் காட்டினார்.

நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன் நான். விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். மூச்சுக்குழாய் நுரையீரலுக்குப் போனது. அதன் பின்னாலேயே உணவுக்குழாய் இரைப்பைக்குப் போனது. தொண்டைக்குக் கீழே இரண்டும் எங்கேயும் சேரவில்லை.

"அப்போ நாங்க துன்ன வெல்லம்?" என்று கேட்டேன்.

"வயித்துக்குத்தான்ணா போயிருக்கும்."

"மாஸ்க் கேளுடா லோகு" என்றேன்.

"போன வருஷமே கேட்டேன். அதான் வெல்லம் குடுக்குறோமேன்னான் சூப்பர்வைசர்."

 பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன், "நாளைக்கு எனுக்குக் காலை ஷிப்ட்டு" என்றான்.